பத்தொன்பது தாளில் ஒரே தப்பு

அல்போன்ஸ் வாத்தியார் என்னைக் காப்பி அடித்ததற்காகப் பிடித்தது மொத்தம் பதினொரு தடவை. இந்த எண்ணிக்கை நான் நினைவில் வைத்திருந்ததல்ல, அவரே எழுதி வைத்திருந்தது. மற்ற வாத்தியார்கள் பிடித்தால் நாலு அடி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இந்த மனிதர் அடிக்கவும் மாட்டார், விடவும் மாட்டார். பக்கத்தில் வந்து குனிந்து, "எப்படிச் செஞ்சே ஐவி? முதல்லேருந்து சொல்லு" என்பார். சொல்லச் சொல்ல அவர் முகம் மலரும். நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடித்தால் அழுதுவிட்டுப் போய்விடலாம். இப்படி ஆராய்ச்சி செய்தால் ஒரு பிள்ளை என்னதான் செய்யும்?

பினாங்கிலிருந்து 1934-இல் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் அவர். கேமரன் மலையில் அப்போது பாதி இடம் இன்னும் காடு. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். நாற்காலி ஒன்று உண்டு, ஆனால் அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாடம் சொல்லும்போதும் நடை, பரீட்சை வைக்கும்போதும் நடை. "காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த ஆள்" என்று அவர் மனைவி அற்புதம்மாள் ஊரெல்லாம் சொல்வார். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடித்துவிடுவாராம்.

அந்த நோட்டில் காப்பி அடிக்கும் வழிகள் நாற்பத்து மூன்று இருந்தன. அதில் ஒன்று என்னுடையது, பெருமையாகவே சொல்கிறேன். முற்றிய தேயிலையில் முள்ளால் கீறி எழுதினால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் போனால் கீறின இடம் பழுப்பாகி எழுத்து தெளிவாகத் தெரியும். வாய்ப்பாடு முழுவதையும் எட்டு இலையில் அடக்கிவிட்டேன். அவர் அந்த இலைகளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பிரமாதம்" என்றார். பிறகு எனக்கு முட்டை மார்க் போட்டார்.

வழிகளை மட்டும் அவர் எழுதவில்லை. காப்பியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு முடிவுக்கும் வந்திருந்தார். சரியான விடையை வைத்துப் பிடிக்க முடியாது, ஏனென்றால் சரியான விடை எல்லாருக்கும் ஒன்றுதான். தப்பு அப்படியல்ல, ஆளுக்கொரு விதமாகப் போகும். ஆகவே இரண்டு தாளில் ஒரே தப்பு இருந்தால் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது. இதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதி, கல்வி அதிகாரிக்குத் தபாலில் அனுப்பினார். இரண்டு மாதம் தினமும் தபால் பை வரும் நேரத்துக்குக் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். பதில் வரவில்லை. அந்த மனிதருக்கு அது பெரிய அடி. உலகத்தில் யாராவது ஒருத்தர் அதைப் படித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று ஏங்கிக்கிடந்தார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த ஏக்கம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். என் கோபமும் அதன் மேல்தான்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்கார துரை முந்தின வாரமே காரில் ஏறிப் போய்விட்டார். பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளி போடச் சொன்னார்கள். தொழிற்சாலைக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள், தோக்கியோ நேரமாம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நாங்கள் கும்மிருட்டில் போய் நின்றோம். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் 2603 என்று ஜப்பான் வருஷம் ஏறியது, நமக்கு அது 1943. வாத்தியார் முந்தின நாள் தான் படித்த ஜப்பான் எழுத்தை மறுநாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் அப்போது பத்தொன்பது வயதுக் கொழுந்து பறிக்கிற பெண். பள்ளியை விட்டு வெகுநாளாகிவிட்டது. ஆனாலும் முப்பது வயது வரை எல்லாரும் சாயங்காலம் வகுப்புக்கு வரவேண்டும் என்று உத்தரவு.

அந்த வருஷம் மார்ச்சில் சயாமுக்கு முதல் லோரி போனது. ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், நல்ல சாப்பாடு என்றார்கள். என் மாமா கருப்பையா அதில் போனார். மூன்று மாதம் ஆயிற்று. ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. அங்கே ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள் என்று மலை இறங்கிப் போய் வந்தவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. லோரிச் சத்தம் கேட்டாலே லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். எனக்கு அடுப்பில் வைத்ததை இறக்கத் தோன்றாது. வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துகொண்டே இருப்பேன்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள மொரிடா என்ற அதிகாரி வந்திருந்தார். சட்டைப் பொத்தான் முதல் பேச்சு வரை எல்லாம் ஒழுங்கு. அவருக்கு மொழிபெயர்ப்பாளர் சேக் தாவூத் பாய். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர், ஜப்பான் பேச்சை ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டார். ஜூன் மாதம் மொரிடா ஒரு பரீட்சை அறிவித்தார். ஜப்பான் எழுத்து ஒரு தாள், கணக்கு ஒரு தாள். தேறினவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. வில்லை உள்ளவன் தோட்டத்திலேயே இருக்கலாம். தேறாதவர்கள் பெயர் சயாம் பட்டியலில். காப்பி அடித்தவர்கள் பெயர் பட்டியலில் முதலில்.

அங்கேதான் நம் வாத்தியார் வாயை விட்டார். காப்பி அடிப்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று மொரிடா கேட்டாராம். ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார்! சேக் தாவூத் பாய் பிறகு என்னிடம் சொன்னார். வாத்தியார் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி ஒரு மணி நேரம் விளக்கினாராம். மொரிடா ஒரு சொல் விடாமல் கேட்டு, முடிந்ததும் எழுந்து நின்று தலை குனிந்தாராம். இத்தனை வருஷமாகக் காத்திருந்த பாராட்டு அது. அந்தப் பன்னிரண்டு பக்கமும் ஜப்பான் மொழியில் எழுதப்பட்டு, மொரிடாவின் முத்திரையோடு மேலிடத்துக்குப் போனது. வாத்தியார் அன்றைக்கு வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்.

பரீட்சை தொழிற்சாலை மேல்மாடியில். பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற பெரிய இடம் அது. முப்பத்தொரு பேர். வாத்தியாரே இடம் ஒதுக்கினார். ஆளுக்கு ஆள் நாலு கெஜ தூரம், முதுகுக்கு முதுகு. நாற்பத்து மூன்று வழியையும் அடைத்துவிட்டார். என்னிடமிருந்த இலைகளை வாசலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் என் அண்ணன் மைக்கல் கடைசி வரிசையில் இருந்தான். முடிந்ததும் தாள்களைப் பொறுக்கி அடுக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்.

கணக்குத் தாளில் ஏழாவது கேள்வி இது. ஒரு பெண் காலையில் பதினெட்டு ராத்தல், மதியம் இருபது ராத்தல், சாயங்காலம் இருபத்திரண்டு ராத்தல் கொழுந்து நிறுத்தாள். அன்றைக்கு அவளுக்கு எத்தனை ராத்தல்?

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை பெரட்டில், மொரிடா பத்தொன்பது பெயரை வாசித்தார். என் பெயர் ஒன்பதாவது. மைக்கல் பெயர் பதினாலாவது. பத்தொன்பது தாளிலும் ஏழாம் கேள்விக்கு அறுபது என்று இல்லாமல் ஐம்பத்து நாலு என்று இருந்ததாம். பத்தொன்பது பேரும் ஒரே தப்பு. உங்கள் வாத்தியாரின் கண்டுபிடிப்புப்படி இது காப்பி என்றார். லோரி நாளைக் காலை வரும். எங்களை அதே மேல்மாடிக்கு ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

மணியம்மா என்ற பெண்ணுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. அது கீழே அழுதுகொண்டிருந்தது, இவள் மேலே அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. வாத்தியாரை நினைத்து நினைத்து ஆத்திரம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே மேலே வந்தார். முகம் வெளிறியிருந்தது. வந்ததும் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஐவி, உண்மையச் சொல்லு. யாரு முதல்ல எழுதுனது? எப்படிக் கை மாறிச்சு?"

"யாரும் காப்பி அடிக்கல சார்."

"நாலு கெஜம் தள்ளி உக்கார வச்சேன். சன்னல மூடுனேன். எதுலதான் கோட்டை விட்டேன்? நாப்பத்து நாலாவது வழி ஒண்ணு இருக்கு. அதச் சொல்லு, நான் தொரைக்கிட்ட பேசிப் பாக்குறேன்."

நாளைக்கு நாங்கள் சாகப் போகிறோம், இவருக்கு நாற்பத்து நாலாவது வழி வேண்டுமாம்! நான் எழுந்துவிட்டேன்.

"அடிச்சப்ப எல்லாம் அடிச்சேன்னு சொன்னேன்ல? பதினோரு வாட்டியும் ஒளிக்காம சொன்னேன்ல? இன்னிக்கு இல்லேன்னு சொன்னா நம்ப மாட்டீங்களா?"

"அப்போ அம்பத்திநாலு எங்கேருந்து வந்துச்சு? பத்தொம்போது பேருக்கும்?"

"வேற எப்படி வரும்? பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு. கூடைக்கு ரெண்டு போச்சுன்னா பதினாறு, பதினெட்டு, இருபது. கூட்டுங்க."

"கூடைக்கு ரெண்டா? அது கேள்வியிலயே இல்லியே."

"கேள்வியில என்னா சார் போடுறது? நிறுத்தா ரெண்டு போவும்லா. எங்கம்மா காலத்துலேருந்து போவுது. அவளுக்கு எத்தனைன்னுதானே கேட்டாங்க?"

நிறுக்கும்போது கங்காணி கூடையின் எடைக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு ராத்தல் கழித்துத்தான் பேரேட்டில் எழுதுவார். மழை பெய்தாலும் கழிவு, வெயில் அடித்தாலும் கழிவு. எங்களுக்கு அது கணக்கின் ஒரு பகுதி. பதினெட்டு என்று யாராவது சொன்னால் வாய் தானாகப் பதினாறு என்று சொல்லும். கிராணி வீட்டுப் பிள்ளைகளும் தொழிற்சாலை ஆட்களும்தான் அறுபது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் முதுகில் கூடை ஏறியதே இல்லை.

வாத்தியார் ஒன்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் இருந்தவர். நிறுக்கும் இடத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. அந்த நேரங்களில் அவருக்குப் பள்ளிக்கூடம். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு படியில் இறங்கி ஓடினார்.

மதிய நிறுவை தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கொட்டகையில் நடக்கும். வாட்டு மாடியின் சன்னல் பலகைச் சந்தில் நாங்கள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தோம். மூடுபனி இறங்கியிருந்தது. வாத்தியார் முன்னால் நடக்க, சேக் தாவூத் பாயும் மொரிடாவும் பின்னால் வந்தார்கள். பரீட்சை எழுதாத, முப்பது வயது தாண்டின பெண்களாக ஏழு பேரை வாத்தியார் பிரித்து நிறுத்தினார். ஒருத்தியிடம் கேட்பது மற்றவளுக்குக் கேட்காதபடி ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டார். காப்பி அடிக்க முடியாதபடி செய்வதில்தான் அவர் கெட்டிக்காரராயிற்றே.

முதல் பெண் ஐம்பத்து நாலு என்றாள். இரண்டாவது பெண்ணும் ஐம்பத்து நாலு. மூன்றாவது வந்தவள் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு. அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, ஆகவே எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"யாரு நிறுத்தா? செல்லையா கங்காணியா?"

"யாராச்சும் ஒருத்தர்னு வச்சுக்கம்மா," என்றார் வாத்தியார்.

"அதெப்படி வச்சுக்கறது? செல்லையா கங்காணின்னா அம்பத்திநாலு. வேற ஆளுன்னா எனக்குத் தெரியாதுலா."

ஏழு பேரும் ஒரே விடை. மொரிடா கொட்டகைக்குள் போய், ஒரு வெறுங்கூடையை எடுத்துத் தராசில் மாட்டினார். முக்கால் ராத்தல்கூட இல்லை. மிச்சம் எங்கே போகிறது என்று மொரிடா செல்லையா கங்காணியைக் கேட்டார். கங்காணியின் கன்னத்தில் விழுந்த அறை எங்கள் மாடி வரை கேட்டது. மணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிழைத்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

மொரிடா வாத்தியார் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. நிறுத்தி நிறுத்திப் பேசினார். பாய் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்.

"வாத்தியாரே, தொரை கேக்குறாரு. உங்க கண்டுபிடிப்ப நம்பி மேலிடத்துக்குத் தன் பேருல எழுதிட்டாராம். அது சரியா, தப்பான்னு இப்ப சொல்லணும். சரின்னா அந்தப் பத்தொம்போது பேரும் காப்பி அடிச்சவங்க, லோரி ஏறணும். தப்புன்னா, நீங்க அவர ஏமாத்திட்டீங்க. நீங்க ஏறணும்."

வாத்தியார் கொட்டகை முன்னால் நடந்துகொண்டே இருந்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். அவர் எங்களைக் கைவிட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன், மறைத்து என்ன பயன்? அந்தப் பன்னிரண்டு பக்கத்தை விட அவருக்குப் பெரிது ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். பாய் குரலைத் தாழ்த்தினார், ஆனாலும் கேட்டது.

"அவசரப்படாதீங்க. பாதி சரி, பாதி தப்புன்னு ஏதாச்சும் சுத்தி வளைச்சு நான் சொல்லிப் பாக்குறேன். வூட்டுல அம்மா இருக்காங்க, யோசிங்க."

"வேணாம் பாய். தப்புன்னே சொல்லுங்க."

"வாத்தியாரே..."

"தப்புதான் பாய். ஒம்போது வருசமா இந்தப் பிள்ளைங்க தாளத் திருத்துறேன். அவங்க ஆத்தா அப்பனுக்கு ரெண்டு ராத்தல் போறது எனக்குத் தெரியல. அது தெரியாதவன் எழுதுனது எப்படிச் சரியா இருக்கும்? தப்பு. அப்படியே சொல்லுங்க."

பாய் சொன்னார். சொல்லி முடித்ததும் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எங்களைக் கீழே இறக்கி, அங்கேயே வேறொரு கணக்குக் கொடுத்தார்கள். வாழைப்பழக் கணக்கு. எல்லாரும் சரியாகப் போட்டோம். வில்லை கிடைத்தது. மறுவாரத்திலிருந்து கூடைக்கு இரண்டு போவது நின்று, ஒன்றரை ஆயிற்று.

வியாழக்கிழமை காலை லோரி வந்தபோது தோட்டம் முழுவதும் பெரட்டுக் களத்தில் நின்றது. வாத்தியாரோடு செல்லையா கங்காணியும் ஏறினார். இருவருக்கும் அதுவரை பேச்சுவார்த்தையே இருந்ததில்லை. அற்புதம்மாள் ஒரு துணிமூட்டையை மேலே எட்டிக் கொடுத்தார். பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் நகர மறுத்ததால் இரண்டு பேர் சேர்ந்து விலக்க வேண்டியிருந்தது. வாத்தியார் எங்களைப் பார்த்து, "நிக்காதீங்க, மழை வருது, போய் வேலையப் பாருங்க" என்றார். நன்றி சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. முந்தின நாள் அவரிடம் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. லோரி தானா ராத்தா பக்கம் திரும்பி மறைந்தது.

அன்றைக்கு மத்தியானம் மைக்கல் சோற்றைத் தொடவில்லை. நான் வற்புறுத்தியதும் சொன்னான்.

"ஐவி, நா பாத்துத்தான் எழுதுனேன்."

எனக்குப் புரியவில்லை. அவன் கவாத்துக்காரன், கத்தியைத் தவிர வேறொன்றும் தூக்காதவன், கூடைக் கழிவு பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அறுபதுன்னுதான் போட்டிருந்தேன். தாளப் பொறுக்குறப்ப பாத்தா எல்லாரும் அம்பத்திநாலு. நாந்தான் தப்புன்னு நெனச்சேன். அடுக்குற சாக்குல அழிச்சு மாத்திட்டேன்."

சரியான விடையை அழித்துவிட்டுத் தப்பைக் காப்பி அடித்த ஒரே ஆள் என் அண்ணன். அவனை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு எங்கள் இருவருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாத்தியார் வீட்டு வழியாகப் போகாமல் மலையைச் சுற்றிப் போவோம். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

சண்டை முடிந்தது. போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மாமா கருப்பையா வரவில்லை. செல்லையா கங்காணி வந்தார். வாத்தியார் காலராவில் போய்விட்டார், அவரைப் புதைக்கத் தானே குழி வெட்டியதாகக் கங்காணி சொன்னார். இனியும் ஒளிய முடியாது என்று, ஒரு மூட்டை சர்க்கரைவள்ளியை மைக்கல் தலையில் ஏற்றி, அற்புதம்மாளைப் பார்க்கப் போனோம்.

அவர் எங்களை உட்காரச் சொன்னார். பிறகு நேராகவே பேசினார்.

"ஒங்களப் பாக்குறப்ப எல்லாம் எனக்கு வயிறு எரியுது. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நீயும் பொய் சொல்லாதே. அந்தப் பத்தொம்போது பேர்ல ஒருத்தராச்சும் பாத்து எழுதுனீங்களா?"

மைக்கல் வாயைத் திறந்தான். நான் அவன் கையை அழுத்தினேன்.

"இல்லேம்மா. ஒருத்தரும் எழுதல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அற்புதம்மாள் மூச்சை இழுத்து விட்டார். "அப்போ தன் கண்டுபிடிப்பு தப்புன்னு அந்த மனுசன் சரியாத்தான் சொல்லிட்டுப் போயிருக்காரு. அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

மைக்கல் வெளியே போய் நின்று அழுதான். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அந்தத் தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.